முதல் ஆன்லைன் கடை: திரும்பி வரும் பார்சலிலிருந்து யோசியுங்கள்

கேள்வி: நான் குரோம்பேட்டையில் வசிக்கிறேன். தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்கராக இருக்கிறேன். சேமிப்பிலிருந்து 60,000 ரூபாய் ஒதுக்கி, டிராப்ஷிப்பிங் முறையில் ஆன்லைன் கடை தொடங்க விரும்புகிறேன். ‘முதலில் ஒரு நிஷ் (குறிப்பிட்ட ஒரு பொருள் வகை) பிடியுங்கள்’ என்று எல்லா வீடியோக்களிலும் சொல்கிறார்கள். செல்போன் கவர், அழகு சாதனம், பொம்மை, சமையலறைக் கருவி என நான்கைக் குறித்து வைத்திருக்கிறேன். எதைத் தேர்ந்தெடுக்கலாம்? மொட்டைமாடியில் 40 தொட்டிகளில் செடி வளர்ப்பதைத் தவிர எனக்கு வேறு எதிலும் அனுபவம் இல்லை.

பதில்: கடைசியாக எழுதிய வரியை நீங்கள் முதலில் எழுதியிருக்க வேண்டும், அம்மா. அதைப் பிறகு பேசுகிறேன். உங்கள் பட்டியலில் உள்ள நான்கும் ‘எது நன்றாக விற்கிறது?’ என்ற கேள்விக்குக் கிடைத்த விடைகள். சரக்கைக் கையில் வைத்துக்கொள்ளாமல், ஆர்டர் வந்த பிறகு சப்ளையரை நேரடியாக அனுப்பச் சொல்லும் இந்த டிராப்ஷிப்பிங் வியாபாரத்தில், நான் முதலில் கேட்பது வேறு: இந்தப் பொருளில் எத்தனை திரும்பி வரும்?

கணக்கர் என்பதால் உங்களுக்குக் கணக்காகவே சொல்கிறேன். 599 ரூபாய்க்கு ஒரு பொருள் விற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சப்ளையருக்கு 220, கூரியருக்கு 80, ஓர் ஆர்டர் கிடைக்க ஆகும் விளம்பரச் செலவு 120. பத்து ஆர்டரும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் கையில் 1,790 ரூபாய் நிற்கும். வீடியோக்கள் இந்த வரியோடு முடிந்துவிடுகின்றன.

பொருள் வீட்டுக்கு வந்த பிறகு பணம் தரும் முறையில் பத்தில் மூன்று பேர் ‘வேண்டாம்’ என்று கதவைச் சாத்திவிட்டால் என்ன ஆகும்? வரவு 7 ஆர்டருக்கு 4,193. விளம்பரச் செலவு பத்துக்கும் ஆகிவிட்டது, 1,200. கூரியர் போக 800, திரும்பி வர இன்னொரு 240. சப்ளையர் அந்த மூன்றையும் திரும்ப எடுத்துக்கொண்டால் பொருள் விலை 1,540. மிஞ்சுவது 413 ரூபாய். அவர் எடுத்துக்கொள்ள மறுத்தால் பொருள் விலை 2,200 ஆகிறது. நீங்கள் 247 ரூபாயைக் கையிலிருந்து போட வேண்டும். ஜிஎஸ்டியும் பணம் வாங்கும் சேவையின் கட்டணமும் இதில் இன்னும் சேரவில்லை.

நான் சொந்த அனுபவத்தில் பேசுகிறேன். என் முதல் கடையில் கண்ணாடி போட்ட சுவர்க் கடிகாரம் விற்றேன். ஆர்டருக்குக் குறைவில்லை. உடைந்து திரும்பியவற்றை ‘கூரியரின் தவறு’ என்று சப்ளையர் தட்டிக்கழித்தார். கூரியர்காரர் ‘பேக்கிங் சரியில்லை’ என்றார். நான்கே மாதத்தில் கடையை மூடினேன். வீட்டில் இன்றும் அறைக்கொரு கடிகாரம் ஓடுகிறது.

இனி உங்கள் பட்டியல். செல்போன் கவரில் மாடல் நூற்றுக்கணக்கில். ஒரு எழுத்து மாறினால் ரிட்டர்ன். போதாததற்கு, ரிச்சி தெருவில் அதே கவரைக் கையில் பொருத்திப் பார்த்தே வாங்கலாம். பொம்மைக்கு 2021 ஜனவரி 1 முதல் பிஐஎஸ் (இந்திய தர நிர்ணய அமைவனம்) தரச்சான்று கட்டாயம். காசிச் செட்டித் தெருவில் மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காகச் சான்றில்லாத பொம்மையை உங்கள் பெயரில் விற்காதீர்கள். அழகு சாதனம் இறக்குமதிச் சரக்கு என்றால் அதற்குப் பதிவு இருக்க வேண்டும். அப்படியே இருந்தாலும் ஒருவருக்கு முகத்தில் தடிப்பு வந்தால் என்ன பதில் சொல்வீர்கள்? சமையலறைக் கருவி பரவாயில்லை. ஆனால் அந்தக் கூட்டத்தில் உங்களை ஏன் தேடி வர வேண்டும் என்பதற்குக் காரணம் இல்லை.

இப்போது அந்த 40 தொட்டிகள். ஒரு தொட்டியின் அடியில் ஏன் தண்ணீர் தேங்குகிறது, கத்திரி வெயிலில் எந்தச் செடி முதலில் வாடும் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். வாங்குகிறவர் இரவு ஒன்பது மணிக்கு வாட்ஸ்அப்பில் கேட்கும் கேள்விக்கு நீங்கள் சொந்தமாகப் பதில் சொல்வீர்கள். வாங்குவதற்கு முன்பே ஐயம் தீர்ந்தவர் பொருளைத் திருப்பி அனுப்புவது குறைவு.

அதற்காக ‘மாடித்தோட்டம்’ என்று பொதுவாகக் கடை போடாதீர்கள். அங்கே பள்ளங்கள் உண்டு. விதை விற்க உரிமம் வேண்டும்; உரத்துக்கும் பூச்சிமருந்துக்கும் தனித்தனியாக அனுமதி வேண்டும். செடி வழியிலேயே வாடிவிடும். கோகோபீட் (தென்னை நார்க்கழிவு) கட்டியும் தொட்டியும் கூரியர் காசிலேயே கரைந்துவிடும். கூரியர் நிறுவனங்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை. பெட்டியின் நீள, அகல, உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கிப் பொதுவாக 5,000ஆல் வகுத்து, எது அதிகமோ அதற்குக் கட்டணம் போடுகிறார்கள். 30 சென்டிமீட்டர் கனசதுரப் பெட்டி காலியாக இருந்தாலும் 5.4 கிலோவாகவே கணக்காகும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால், தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றும் சாதனங்கள் என்ற ஒற்றைச் சந்துக்குள் நுழைவேன். பத்து நாள் ஊருக்குப் போகிற குடும்பம் சாவியை எதிர்வீட்டில் கொடுத்து, ‘செடிக்குக் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிவிடுங்கள்’ என்று கெஞ்சும் காட்சி உங்கள் தெருவிலும் இருக்கும். 10, 20, 40 தொட்டிகளுக்கான சொட்டுநீர்த் தொகுப்பு, மாற்றுக் குழாய், இணைப்பான், பூவாளி முனை: ஆறேழு பொருள் போதும். எடை குறைவு, உடையாது, சட்டையைப் போல அளவுத் தகராறும் கிடையாது. தானாகத் திறந்து மூடும் டைமரை மட்டும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பழுதுப் புகார் அதில்தான் அதிகம் வரும்.

தேவை இருக்கிறதா என்று பார்க்க, மக்கள் எதை எவ்வளவு தேடுகிறார்கள் என்று காட்டும் கூகுள் டிரெண்ட்ஸில் தமிழ்நாட்டை மட்டும் தேர்ந்து ஐந்து ஆண்டு வரைபடத்தைப் பாருங்கள். பெரிய விற்பனைத் தளங்களில் இதே பொருளுக்கு இரண்டு, மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்களின் கருத்தை ஒன்று விடாமல் படியுங்கள். ‘குழாய் எங்கள் டேங்க் குழாயில் பொருந்தவில்லை’ என்று பத்துப் பேர் எழுதியிருந்தால், பொருந்தும் இணைப்பானோடு விற்பவருக்கு அங்கே இடம் இருக்கிறது.

சப்ளையரைத் தமிழ்நாட்டுக்குள்ளேயே தேடுங்கள். முடிந்தால் பஸ் ஏறிப் போய் நேரில் பார்க்கும் தொலைவில். பல வீடியோக்கள் கைகாட்டும் அலிஎக்ஸ்பிரஸ் 2020 நவம்பர் முதல் இந்தியாவில் தடை செய்யப்பட்டிருக்கிறது. சப்ளையரிடம் முதலில் கேட்க வேண்டியது விலை அல்ல. திரும்பி வந்தால் எடுத்துக்கொள்வீர்களா, எத்தனை நாளுக்குள், பார்சலில் யார் பெயரில் பில் இருக்கும்? பதிலை எழுத்தில் வாங்குங்கள். தவறு சப்ளையருடையதாக இருந்தாலும், வாங்கியவருக்கு விற்றவர் நீங்கள்தான்.

ஜிஎஸ்டி பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒன்றை மட்டும் நினைவூட்டுகிறேன். சொந்த இணையதளத்தில் தமிழ்நாட்டுக்குள் மட்டும் பொருள் விற்கும்வரை ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய் விற்பனை வரை பதிவு தேவையில்லை. பெங்களூருக்கு ஒரே ஒரு பார்சல் அனுப்பினாலும் பதிவு கட்டாயம்.

60,000 ரூபாயில் 5,000க்கு மூன்று சப்ளையர்களிடமிருந்து சாதாரண வாடிக்கையாளரைப் போல வாங்கி, உங்கள் மாடியிலேயே பொருத்திப் பாருங்கள். விளம்பரத்துக்கு 20,000க்கு மேல் தொடாதீர்கள். மீதி ரிட்டர்னுக்கும் தவறுகளுக்கும். அக்டோபர், நவம்பர் மழையில் சென்னையில் யாரும் சொட்டுநீர்க் குழாய் தேடமாட்டார்கள். சோதனையை அப்போது முடித்துவிட்டு, பொங்கலுக்கு ஊருக்குக் கிளம்புகிறவர்கள் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு செடிகளைப் பற்றிக் கவலைப்படத் தொடங்கும் டிசம்பர் கடைசி வாரத்தில் கடையைத் திறங்கள்.