இணையப் பக்கம் ஏன் இவ்வளவு மெதுவாகத் திறக்கிறது? கேள்வி பதில்

கேள்வி: தளம் திறக்க ஆறேழு விநாடி ஆகிறது. ஹோஸ்டிங்கை (தளத்தை வைத்திருக்கும் சர்வர் சேவையை) மாற்றிவிடட்டுமா சார்?

பதில்: அவசரப்படாதீர்கள். பிரவுசரில் எஃப்12 அழுத்தி, நெட்வொர்க் பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கத்தை ரீலோட் செய்யுங்கள். முதல் வரியில் இருக்கும் எச்டிஎம்எல் (பக்கத்தின் அடிப்படைக் கோப்பு) வந்து சேர எவ்வளவு நேரம் காத்திருக்கிறது என்று பாருங்கள். அதுவே 800 மில்லி விநாடியைத் தாண்டினால் சிக்கல் சர்வர் பக்கம். பெரும்பாலும் கேச் (ஒருமுறை உருவாக்கிய பக்கத்தைச் சேமித்து வைத்து அப்படியே தருவது) இல்லாமல், வருகிற ஒவ்வொருவருக்கும் டேட்டாபேஸைத் தேடிப் பக்கத்தைப் புதிதாக உருவாக்கிக்கொண்டிருக்கும். முதலில் கேச் போடுங்கள். காத்திருப்பு குறைவாகத்தான் இருக்கிறது என்றால், ஹோஸ்டிங்கை மாற்றுவது வீண் செலவு.

கேள்வி: எல்லாப் படத்துக்கும் லேஸி லோடிங் (திரைக்கு அருகே வரும்போது மட்டும் படத்தை இறக்குவது) போட்டேன். வேகச் சோதனை ஸ்கோர் இன்னும் இறங்கிவிட்டதே?

பதில்: பலர் சறுக்கும் இடம் இது. திறந்ததும் மேலே தெரிகிற பெரிய படத்துக்கும் சேர்த்துப் போட்டிருப்பீர்கள். அந்தப் படம் திரைக்குள் வருகிறதா என்று தெரியும்வரை பிரவுசர் அதைக் கேட்கவே கேட்காது. அதற்கு மட்டும் லேஸி லோடிங்கை எடுத்துவிட்டு, ஃபெட்ச்பிரையாரிட்டியை (எதை முதலில் இறக்க வேண்டும் என்று பிரவுசருக்குச் சொல்லும் குறிப்பு) 'ஹை' என்று வையுங்கள். பக்கத்தின் பெரிய படமோ எழுத்தோ 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவு. அப்புறம், 400 பிக்சல் அகலக் கட்டத்துக்கு 4000 பிக்சல் படம் எதற்கு? பிக்சல் நெருக்கமான மொபைல் திரைக்கும் 800, மிஞ்சினால் 1200 போதும். வெப்பி (WebP) என்ற பட வடிவில் கொடுத்தால் கோப்பு இன்னும் இளைக்கும்.

கேள்வி: சர்வர் தூரத்தில் இருந்தால் உண்மையிலேயே தாமதமாகுமா?

பதில்: ஆகும். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும். 10,000 கிலோமீட்டர் தள்ளி சர்வர் இருந்தால், ஒருமுறை போய்வரவே 100 மில்லி விநாடி. இணைப்புக்கு ஒருமுறை, பாதுகாப்புச் சோதனைக்கு ஒருமுறை, பக்கத்தைக் கேட்க ஒருமுறை என்று வழக்கமாக மூன்று தடவை போய்வர வேண்டும். சிடிஎன் (பக்கத்தின் நகலைப் பல ஊர் சர்வர்களில் வைத்து, அருகில் இருப்பதிலிருந்து தரும் சேவை) இந்தத் தூரத்தைக் குறைக்கத்தான்.

கேள்வி: லேப்டாப்பில் பறக்கிறது, மொபைலில் திணறுகிறது. ஏன்?

பதில்: ஜாவாஸ்கிரிப்ட்டை (பக்கத்துக்குள் ஓடும் நிரலை) சந்தேகப்படுங்கள். கோப்பு வந்துவிட்டால் மட்டும் போதாது, அதை ஓட்டுவது மொபைலின் பிராசசர். அது ஓடி முடிக்கும்வரை விரலால் தட்டினாலும் பதில் வராது. சாட் பெட்டி, விளம்பரம், பார்வையாளர்களை எண்ணும் கருவி என்று வெளியிலிருந்து சேர்த்ததை ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள். யாரும் பயன்படுத்தாததைத் தயங்காமல் தூக்குங்கள். மிஞ்சுவதற்கு 'டிஃபர்' (பக்கத்தைப் படித்து முடித்த பிறகு ஓட்டு என்னும் குறிப்பு) கொடுங்கள்.