ஒரு மவுஸுக்குக் கிட்டத்தட்ட பத்தாயிரம் ரூபாயா? லாஜிடெக் எம்எக்ஸ் மாஸ்டர் 3எஸ் வாங்கலாமா?

நாள் முழுக்க எக்செல்லயே உக்காந்திருக்கற ஆளுன்னா தாராளமா வாங்குங்க. கேம் ஆடத்தான்னா வேணாம்.

நான் கடலூர் மஞ்சக்குப்பத்துல ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை பாக்கறேன், ரெண்டு வருஷத்துக்கு மேல இதான் கையில. எங்க டேபிள் மேல கண்ணாடி போட்டிருக்கும், அடியில காலண்டர், விசிட்டிங் கார்டு, ரிட்டர்ன் தேதி எழுதின சீட்டு, பாடலீஸ்வரர் படம், நம்ம ஊர்ல பாதி ஆபீஸ் இப்படித்தான. அந்த வெறும் கண்ணாடில சாதாரண மவுஸ வச்சா அம்புக்குறி ஒண்ணு நகராது, இல்ல எங்கயோ குதிக்கும், அதனால எல்லாரும் ஒரு நோட்டு அட்டையப் போட்டு ஓட்டுவாங்க. இதுல இருக்கற டார்க்ஃபீல்டு சென்சார் கண்ணாடி மேல கண்ணுக்குத் தெரியாம கெடக்கற தூசி, கீறல வச்சே அசைவப் பிடிச்சுடும், கண்ணாடி 4 மில்லிமீட்டராவது தடிமன் இருக்கணும், அவ்ளோதான். நான் அட்டையத் தூக்கிப் போட்டு ரொம்ப நாளாச்சு.

அடுத்து சக்கரம். இரும்புச் சக்கரம், உள்ள மின்காந்தம். மெதுவா உருட்டினா ஒவ்வொரு வரியா நிதானமா போகும், வேகமா ஒரு சுண்டு சுண்டினா பிடி விட்டு வழுக்கிக்கிட்டு ஓடும், விரல வச்சா அங்கயே நிக்கும். ஒரு செகண்டுக்கு 1000 வரி வரைக்கும் போகும்னு கம்பெனி சொல்லுது. ஜிஎஸ்டி 2பி-யையும் (சப்ளையர்ங்க காட்டின பில்லோட பட்டியல்) நம்ம பர்ச்சேஸ் ரிஜிஸ்டரையும் ஒத்துப் பாக்கறப்ப இருபதாயிரம் வரிக்குக் கீழ போகணும், மறுபடி மேல வரணும், இதுக்கு முன்ன ஆள்காட்டி விரல் சாயங்காலத்துக்குள்ள வலிக்கும், இப்ப அந்த வலியே இல்ல. கட்டைவிரல் பக்கம் இன்னொரு சக்கரம் இருக்கு, அதுல ஷீட்டு பக்கவாட்டுல நகரும். எனக்கு மொத்த மவுஸ்லயும் பிடிச்சது அந்தக் குட்டிச் சக்கரம்தான்.

2022ல இது வந்தப்ப ரிவ்யூ எழுதினவங்க பெரும்பாலும் பாராட்டினாங்க, ஆனா முந்தைய 3க்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் இல்லன்னும் சொன்னாங்க, அது நியாயம்தான். 4000 டிபிஐ (சென்சார் எவ்ளோ நுணுக்கமா அசைவப் பிடிக்கும்ங்கற கணக்கு) 8000 ஆச்சு, கிளிக் சத்தம் அடங்கிப்போச்சு. அந்தச் சத்தம் அடங்கினது வீட்ல ராத்திரி குழந்தை தூங்கறப்ப வேலை செய்யறவங்களுக்குத்தான் அருமை தெரியும்.

சார்ஜ் ஃபுல்லா போட்டா 70 நாள்ங்கறாங்க, செத்துப்போச்சுன்னா ஒரு நிமிஷம் சொருகினாலே மூணு மணி நேரம் ஓடும், ஒயர் முன்பக்கம் வர்றதால சொருகிக்கிட்டே வேலையும் பாக்கலாம். மூணு கம்ப்யூட்டர் வரைக்கும் கனெக்ட் பண்ணி வச்சுக்கலாம்.

குறையும் இருக்கு. எடை 141 கிராம், வலது கைக்காரங்களுக்கு மட்டும்தான் செஞ்சிருக்காங்க, கம்ப்யூட்டர்ல சொருகற குட்டி ரிசீவர மவுஸுக்குள்ள வச்சுக்க எடமே இல்ல, தொலைச்சுடாதீங்க. செகண்டுக்கு 125 தடவைதான் தகவல் அனுப்பும், கேமிங் மவுஸ்ல அது 1000, அதான் கேமுக்கு வேணாம்னேன்.

பெரிய கவலை மேல இருக்கற ரப்பர் பூச்சு. முன்ன வேற ஒரு கம்பெனி மவுஸ் வச்சிருந்தேன், நம்ம கடல் காத்து ஈரத்துக்கு ஒண்ணரை வருஷத்துல பூச்சு பிசுபிசுன்னு ஆயி கையில ஒட்டிச்சு. இந்த மாதிரிப் பூச்சு ஈரத்துல நாளாக நாளாக எளகும், எம்எக்ஸ் மாஸ்டர் பத்தியும் இந்தப் புகார் ஊர் உலகத்துல நெறைய இருக்கு. நான் வாரம் ஒருதடவை லேசா நனைச்ச துணியால தொடச்சு, ராத்திரி டிராயர்ல வச்சுடுவேன், இதுவரைக்கும் நல்லா இருக்கு. 2025ல வந்த எம்எக்ஸ் மாஸ்டர் 4ல அந்த ரப்பரையே மாத்திட்டாங்க, பட்ஜெட் இருந்தா அதையும் பாருங்க.

பாண்டி பக்கம் போறப்ப எந்தக் கடையிலயாவது டிஸ்ப்ளேல இருந்தா ரெண்டு நிமிஷம் பிடிச்சுப் பாருங்க. சின்னக் கைன்னா கட்டைவிரல் அந்தப் பக்கவாட்டுச் சக்கரத்துக்கு எட்டுதான்னு பாத்துட்டு காசு குடுங்க.