கப்பல் காட்டும் கடைகளுக்கு அப்பால்

கேள்வி: என் மகன் அடுத்த மாதம் எங்களை மயாமியிலிருந்து கரீபியன் தீவுகளுக்குக் கப்பலில் அழைத்துப் போகிறான். நஸாவ், செயின்ட் மார்டின், டொமினிக்கா, செயின்ட் லூசியா ஆகிய இடங்களில் கப்பல் ஒவ்வொரு பகல் நிற்குமாம். ஏற்கெனவே போய்வந்த தோழிகள், "அங்கே எல்லாம் சீனச் சரக்குதான், நினைவுக்கு வாங்க ஒன்றுமில்லை, வரியில்லாக் கடையில் வைரம் மட்டும் வாங்கிக்கொள்" என்கிறார்கள். உண்மையா? பேரம் பேசினால் குறைப்பார்களா?
(வாசகி ஒருவர், ஈரோடு)

பதில்: உங்கள் தோழிகள் பொய் சொல்லவில்லை. துறைமுக வாசலிலிருந்து பத்து நிமிட நடைக்குள் இருக்கும் கடைவீதியை மட்டும் பார்த்துவிட்டு, அதையே தீவு என்று நம்பித் திரும்பியிருக்கிறார்கள். தீவின் பெயரை மட்டும் மாற்றி அச்சிட்ட டி-ஷர்ட்டுகளும், ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தங்களும், எங்கோ ஒரு தொழிற்சாலையில் வார்த்த பொம்மைகளும் அந்த வீதிகளில் எந்தத் துறைமுகத்தில் இறங்கினாலும் ஒன்றுபோலவே இருக்கும். கப்பலிலேயே கடைகளைப் பற்றி ஓர் உரை நிகழ்த்தி, கையில் ஒரு வரைபடமும் தருவார்கள். அதில் பரிந்துரைக்கப்படும் கடைகள் அந்த இடத்துக்காகப் பணம் கட்டியவை என்ற செய்தி, பெரும்பாலும் அதன் ஓரத்திலேயே சிறிய எழுத்தில் இருக்கும். அதைப் படித்துவிட்டு இறங்குங்கள்.

வைர யோசனையை நான் ஏற்கவில்லை. நீங்கள் போகும் தீவுகள் எதிலும் வைரம் தோண்டப்படுவதில்லை. வைரத்துக்கு அடுத்தபடியாக அங்கே வற்புறுத்தி விற்கப்படும் டான்சனைட் என்ற நீலக்கல், ஆப்பிரிக்காவில் கிளிமஞ்சாரோ மலையை அடுத்த ஒரு சிறு பகுதியில் மட்டுமே கிடைப்பது. ஈரோட்டில் வாங்கும் நகையில் குறை இருந்தால் மறுநாளே கடைக்குப் போய்க் கேட்கலாம். மாலையில் நங்கூரம் எடுக்கும் கப்பலில் ஏறிவிட்ட பிறகு யாரிடம் கேட்பீர்கள்? கல்தான் வேண்டுமென்றால் லாரிமார் என்ற வெளிர்நீலக் கல்லைக் கேட்டுப் பாருங்கள். உலகிலேயே டொமினிக்கன் குடியரசின் பரஹோனா மலைப்பகுதியில் மட்டும்தான் அது வெட்டி எடுக்கப்படுகிறது. (அந்தக் குடியரசு வேறு, உங்கள் கப்பல் நிற்கும் டொமினிக்கா வேறு, பலரும் குழப்பிக்கொள்கிறார்கள்.)

உங்கள் பயணத்தில் நான் பொறாமைப்படும் இடம் டொமினிக்காதான். கொலம்பஸ் வருவதற்கு முன்பிருந்தே அந்தத் தீவுகளில் வாழ்ந்துவரும் கலினாகோ மக்களுக்கென்று, அதன் கிழக்குக் கரையில் ஏறத்தாழ 3,700 ஏக்கர் நிலத்தை ஆங்கிலேய ஆட்சி 1903ஆம் ஆண்டு ஒதுக்கியது. கப்பல் நிற்கும் ரோசோ நகரிலிருந்து மலைப்பாதையில் காரில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அங்கே சாலையோரக் குடில்களில், லாருமா என்ற நாணல் போன்ற செடியின் தண்டைக் கீறி, பட்டையை உரித்து, வெயிலில் உலர்த்திக் கூடை பின்னுகிறார்கள். வெயிலில் காய்ந்த பட்டை செம்பழுப்பாகிறது. சேற்றில் ஊறவைத்தது கறுக்கிறது. இவற்றோடு இயற்கையான வெளிர்நிறமும் சேர்ந்து மூன்று நிறங்களில் கோலம் விழுகிறது. பழைய முறைப்படி செய்யும் மூடிபோட்ட கூடைகள் இரட்டைச் சுவர் கொண்டவை. மழை உள்ளே இறங்காதபடி, இரண்டு பின்னல்களுக்கும் நடுவே காட்டுச்செடியின் அகன்ற இலையை வைத்துவிடுவார்கள். 2017 செப்டம்பரில் மரியா சூறாவளி அந்தத் தீவின் பெரும்பாலான கூரைகளைப் பெயர்த்தெறிந்த பிறகும் இந்தப் பின்னல் நின்றுவிடவில்லை. பின்னியவரின் கையிலிருந்தே கூடையை வாங்க முடிகிற இந்த ஊரை விட்டுவிட்டு ரோசோவின் கடைவீதியில் பகலைக் கழித்தால், அந்தத் தவறு தீவினுடையது ஆகாது.

நஸாவில் கொஞ்சம் கவனம் தேவை. அங்குள்ள புகழ்பெற்ற ஓலைப்பொருள் சந்தை 2001ஆம் ஆண்டு எரிந்து, 2011இல் புதுக் கட்டடத்தில் திறக்கப்பட்டது. வெளியிலிருந்து வந்த பைகளின்மேல் தீவின் பெயரை மட்டும் நாரால் தைத்து விற்பதும் அங்கே உண்டு. புகழ்பெற்ற நிறுவனங்களின் கைப்பைகளைப் போலச் செய்த போலிகளும் உண்டு. ஆனால் பனையோலையை நீளநீளமான பட்டைகளாகப் பின்னி, அவற்றைச் சுற்றிச் சுற்றித் தைத்துத் தொப்பியும் கூடையும் செய்யும் பெண்கள் இன்னும் இருக்கிறார்கள். விற்பவரின் மடியில் பாதி பின்னிய ஓலை கிடக்கிறதா என்று பாருங்கள். ஒரே வடிவம் பத்துக் கடைகளில் தொங்கினால் நகர்ந்துவிடுங்கள்.

செயின்ட் லூசியாவில் கட்டம்போட்ட துணியில் உடுத்திய பொம்மைகளும் தலைக்கட்டுகளும் கண்ணில் படும். அந்தத் துணிக்கு அங்கே மெட்ராஸ் என்றே பெயர். அருகிலுள்ள பிரெஞ்சுத் தீவுகளான மார்டினிக்கில் 1853இலும் குவாதலூப்பில் 1854இலும் தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாகப் போய் இறங்குவதற்கு வெகுகாலம் முன்பே, நம் சோழமண்டலக் கரையின் துணி ஐரோப்பிய வணிகர்களின் கப்பல்களில் அந்தத் தீவுகளை அடைந்து, அடிமைப்பட்டிருந்த ஆப்பிரிக்கப் பெண்களின் தலையில் ஏறி, இன்று அவர்கள் வழிவந்தோரின் தேசிய உடையாகவே நிலைத்திருக்கிறது. இந்தியாவிலிருந்து வரும் துணிதானே என்று ஒதுக்காதீர்கள். கட்டும் முறையும் தையலும் அழகுணர்ச்சியும் முழுக்க அவர்களுடையவை. செயின்ட் லூசியாவின் தலைநகரான காஸ்ட்ரீஸின் சந்தையில் கொக்கோவை அரைத்து உருட்டிய குச்சிகளும் கிடைக்கும். வீட்டுக்கு அதைவிட நல்ல பரிசு எனக்குத் தெரியவில்லை.

எந்தத் தீவிலாவது இரும்புத் தகட்டில் வெட்டிய கடற்கன்னிகளையும் மரங்களையும் பறவைகளையும் கண்டால், அவை ஹெய்ட்டியிலிருந்து வந்தவையா என்று கேளுங்கள். குருவா-தே-புக்கே என்ற ஊரில், கல்லறைச் சிலுவைகள் செய்துகொண்டிருந்த கொல்லர் ஜார்ஜ் லியோதோ 1950களில் தொடக்கிவைத்த கலை அது. பழைய எண்ணெய்ப் பீப்பாயைப் பிளந்து, தீயிட்டு உள்ளே ஒட்டியதை எரித்து, தட்டித் தகடாக்கி, உளியும் சுத்தியலும் கொண்டே வெட்டுகிறார்கள். ஆயுதக் கும்பல்களின் வன்முறையால் அந்த ஊர்க் கலைஞர்கள் பலர் வெளியேற நேர்ந்துவிட்ட இந்நாளில், ஹெய்ட்டியின் பெயரைச் சொல்லி விற்கப்படும் ஒரு தகட்டை வேறு தீவில் வாங்குவதில் ஏமாற்று எதுவுமில்லை.

கடலாமை ஓட்டில் செய்த எதையும் தொடாதீர்கள். அதன் பன்னாட்டு வணிகம் முற்றிலும் தடைசெய்யப்பட்டது. கறுப்புப் பவளம் அங்கே கடையில் விற்கப்பட்டாலும், நம் நாட்டு வனவிலங்குச் சட்டம் அதற்கு உச்சப் பாதுகாப்பு அளிக்கிறது.

பேரம் பற்றி: விலை சொன்னதும் எந்த டாலர் என்று கேளுங்கள். டொமினிக்காவிலும் செயின்ட் லூசியாவிலும் புழங்கும் கிழக்குக் கரீபியன் டாலர் 2.70 கொடுத்தால்தான் ஓர் அமெரிக்க டாலர். நஸாவ் சந்தையில் பேரம் வழக்கம்தான், பேசலாம். கலினாகோ ஊரில், பின்னியவரிடமே வாங்கும்போது, வேண்டாம். தண்டு வெட்டுவதிலிருந்து பின்னி முடிப்பது வரை நாட்கணக்கில் ஆகும் வேலை அது. விலை கைக்கு மீறியதாகத் தோன்றினால் சிறிய கூடையைக் கேளுங்கள்; பெரிய கூடையைச் சிறியதன் விலைக்குக் கேட்காதீர்கள்.