இங்கிலாந்தின் பீக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்காவில் கார் தொந்தரவு இல்லாமல் ரோடு சைக்கிள் ஓட்ட முடியுமா?

முடியும், ஆனால் துண்டு துண்டாகத்தான். நாள் முழுக்கக் காரே கண்ணில் படாமல் மலையைச் சுற்றலாம் என்று கிளம்பினால் ஏமாந்துபோவீர்கள்.

நீங்கள் விவரம் எதுவும் எழுதவில்லை, நானே ஊகித்துக்கொள்கிறேன். ஷெஃபீல்டுக்கோ மான்செஸ்டருக்கோ வேலைக்கு வந்து ஒரு வருஷம் ஆகியிருக்கும். மெல்லிய டயர் வண்டி ஒன்று வாங்கியிருப்பீர்கள். காசில்டனுக்கு மேலே வின்னட்ஸ் பாஸில், இருபது சதவீத ஏற்றத்தில், நாக்குத் தள்ள மிதித்துக்கொண்டிருந்தபோது பின்னால் நாலு கார் வரிசை கட்டியிருக்கும். முதல் கார்க்காரன் ஹாரனில் கை வைத்திருப்பான். எனக்கு 2019இல் அப்படித்தான் ஆனது. இறங்கி உருட்டிக்கொண்டு போனேன். அன்று ராத்திரி போனில் அம்மா, "கார் என்னப்பா ஆச்சு, வித்துட்டியா?" என்று கேட்டார். நான் சைக்கிள் மிதிப்பதைச் சொந்தக்காரர்கள் இன்னும் பணக்கஷ்டத்தின் அறிகுறியாகத்தான் பார்க்கிறார்கள்.

எல்லோரும் முதலில் மான்சல் டிரெயிலைத்தான் சொல்வார்கள். 1968இல் மூடிய ரயில் பாதை, பக்ஸ்டன் பக்கத்திலிருந்து பேக்வெல் வரை எட்டரை மைல். சுரங்கங்களை 2011இல் திறந்துவிட்டார்கள். நல்ல இடம்தான், குழந்தைகளோடு போகிறவர்களுக்கு அதைவிட நல்லது கிடையாது. ஆனால் நீங்கள் கேட்டது ரோடு. அது ரோடு இல்லை, சுண்ணாம்புக்கல் பொடியை இறுக்கிப் போட்ட பாதை. மழை பெய்தால் அந்தப் பொடி தோசை மாவு மாதிரி கரைந்து செயின், பிரேக், முதுகு என்று எல்லாவற்றிலும் அப்பும். காய்ந்தால் சிமென்ட்தான்.

அந்த மாவால் எனக்கு 180 பவுண்டு போனது. வாடகை வீட்டில் சைக்கிளை வெளியே விடப் பயந்து, படுக்கையறையில் பழைய துண்டு விரித்து அதன்மேல் நிறுத்தியிருந்தேன். காலி செய்யும்போது கார்ப்பெட்டில் வெள்ளையாக ஒரு டயர்த் தடம் இருக்கிறது என்று ஏஜென்ட் அட்வான்ஸில் கை வைத்துவிட்டார். மண்டியிட்டுப் பார்த்தேன், கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு கோடு. அதே அறையின் ஜன்னல் மூலையில் கரும்பூஞ்சை படர்ந்திருப்பதை ஏழு மெயில் போட்டுச் சொல்லியிருக்கிறேன், ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. பூஞ்சைக்குக் கழிவு கிடையாது, கோட்டுக்கு மட்டும் கழிவு. சரி, அது வேறு கதை.

உண்மையான தார் ரோடு வேண்டுமென்றால் மேல் டெர்வென்ட் பள்ளத்தாக்குக்குப் போங்கள். ஃபேர்ஹோம்ஸ் கார் நிறுத்தத்துக்கு அப்பால் வார இறுதிகளிலும் வங்கி விடுமுறை நாட்களிலும் கார்களை விடுவதில்லை. டெர்வென்ட், ஹௌடன் என்று இரண்டு அணைகளின் நீர்த்தேக்கங்களை ஒட்டிக் கிங்ஸ் ட்ரீ வரை ரோடு போகிறது. மேற்குக் கரையிலேயே இருங்கள், கிழக்குக் கரைப் பாதை ஜல்லி. வழியில் பர்ச்சின்லீ என்ற இடத்தில், நூறு வருஷத்துக்கு முன்னால் அணை கட்டிய தொழிலாளர்களுக்காகத் தகர வீடுகளால் ஒரு ஊரே இருந்தது. இப்போது மரங்கள்தான். ஏற்றம் பெரிதாக இல்லை. "இதெல்லாம் ஒரு மலையா?" என்று கேட்கிற வீரர்கள் இங்கே நிறைய, அவர்களுக்கு நான் பதில் எழுதவில்லை.

ஏற்றமும் வேண்டும், காரும் வேண்டாம் என்றால், அதை எனக்குக் கொடுத்தது எந்த அதிகாரியும் இல்லை, மண்சரிவு.

2022 பிப்ரவரியில் ஒரே வாரத்தில் மூன்று புயல்கள். ஸ்நேக் பாஸில் ஆல்போர்ட் பக்கம் ரோடு சரிந்து, அந்த மலைப்பாதையையே மூடிவிட்டார்கள். 1821இல் திறந்த சாலை அது, உச்சி 512 மீட்டர். பாம்பு மாதிரி வளைவதால் அந்தப் பெயர் என்று நானும் நினைத்திருந்தேன், டெவன்ஷயர் பிரபுவின் குடும்பச் சின்னத்தில் இருக்கும் பாம்பாம். மற்ற நாட்களில் லாரிகள் முழங்கையை உரசிக்கொண்டு போகும், நான் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. மாத கடைசி ஞாயிறு, நல்ல வெயில், நல்ல குளிர், லேடிபவர் நீர்த்தேக்கத்துப் பக்கத்திலிருந்து ஏறினேன். தடுப்பைத் தாண்டிய ஐந்து நிமிஷத்தில் ஏதோ குறைகிற மாதிரி இருந்தது. அப்புறம்தான் புரிந்தது, பத்து நொடிக்கு ஒருமுறை தோளுக்கு மேல் திரும்பிப் பார்ப்பதை நான் நிறுத்தியிருந்தேன்.

சரிந்த இடத்தில் ரோட்டின் வெளி ஓரம் ஒரு சாண் இறங்கி, வெள்ளைக் கோடு ஒடிந்து கிடந்தது. இறங்கி, உள் பக்கமாகத் தூக்கிக்கொண்டு போனேன். மரங்கள் முடிந்து வெட்டவெளி வந்ததும் ரோட்டின் நட்டநடுவில் இரண்டு ஆடுகள் படுத்திருந்தன. அவை புல்லை அசைபோடும் சத்தம் எனக்குக் கேட்டது. ஒரு ஏ ரோட்டில், அதாவது பெரிய நெடுஞ்சாலையில்! உச்சியில் எழுபது வயது இருக்கும் ஒரு பெரியவர், வண்டியை நடு ரோட்டில் படுக்கப் போட்டுவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்கும் பாதி நீட்டினார். சீஸும் ஊறுகாயும்.

சட்டத்தை மீறச் சொல்கிறேன் என்று பின்னூட்டத்தில் கிளம்பிவிடாதீர்கள். நான் போன அன்று சைக்கிளுக்குத் தடை என்று எங்கும் பார்க்கவில்லை. சில நாள் கழித்துத்தான் நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும்கூடப் போகக் கூடாது என்று அறிவிப்பு வந்தது. பக்கத்து மலையான கிண்டர் ஸ்கவுட்டில் 1932 ஏப்ரலில் நடக்கும் உரிமை கேட்டு நூற்றுக்கணக்கானோர் அத்துமீறி ஏறி, ஐந்து பேர் சிறைக்குப் போன ஊர் இது. சும்மா விடுவார்களா? அதே பாணியில் கூட்டமாகப் போவோம் என்று பேச்சுக் கிளம்பியதும் தடையை வாபஸ் வாங்கிக்கொண்டார்கள். மார்ச்சில் ரோடு திறந்தது, கார்களும் வந்துவிட்டன.

நிரந்தரமாகச் சரிந்தது வேண்டுமென்றால் மாம் டார் பழைய ரோடு இருக்கிறது. மலை நகர்ந்துகொண்டே இருக்க, போட்டுப் போட்டுப் பார்த்துவிட்டு 1979இல் கைவிட்டார்கள். பிளந்த இடங்களில் தார் மேல் தாராக, இடுப்பளவுக்கு அடுக்குகள் தெரியும். சில இடங்களில் வண்டியைத் தோளில் போட வேண்டிவரும், ஆனால் வின்னட்ஸுக்குப் பக்கத்திலேயே ஹாரன் இல்லாமல் மேலே போய்ச் சேரலாம். ரோடு ஷூவோடு போகாதீர்கள், அடியில் இருக்கிற கிளீட் தேய்ந்துவிடும்.

முதல் தடவைக்கு ஃபேர்ஹோம்ஸ் போதும். ரயிலில் பாம்ஃபோர்டில் இறங்கினால் கொஞ்ச தூரம்தான். காலை எட்டு மணிக்கு முன்னால் போய்விடுங்கள், அதற்கப்புறம் கார் நிறுத்த இடம் தேடிக் குடும்பம் குடும்பமாக வருகிறவர்களின் கார்களுக்கு நடுவில்தான் அங்கே போய்ச் சேர வேண்டியிருக்கும்.