ஜெருசலேம் ஒய்.எம்.சி.ஏ. கட்டடம்: சமய அமைப்பு கட்டிய ஒரு சமூகக் கழகத்தின் வரலாறு

சமய அமைப்புகள் சமூகக் கழகங்களாகக் கட்டிய பழைய கட்டடங்களில் வரலாற்றுச் சிறப்புடையது எது என்று கேட்டிருக்கிறீர்கள். ஜெருசலேமில் கிங் டேவிட் வீதியில் நிற்கும் கிறிஸ்தவ இளைஞர் சங்கக் கட்டடத்தையே, அதாவது ஒய்.எம்.சி.ஏ.வையே, நான் முதலில் சொல்வேன்.

பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் அங்கே சங்கச் செயலாளராக இருந்த ஆர்ச்சிபால்ட் ஹார்ட்டின் முயற்சியால், ஜேம்ஸ் ஜார்வி என்ற அமெரிக்கச் செல்வந்தர் 10 லட்சம் டாலர் நன்கொடை அளித்தார். வடிவமைத்தவர் ஆர்தர் லூமிஸ் ஹார்மன். நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தை உருவாக்கிய நிறுவனத்தின் பங்குதாரர். 1928-இல் அடிக்கல் நாட்டப்பட்ட கட்டடத்தை, 1917-இல் ஆட்டோமான் படைகளிடமிருந்து அந்நகரைக் கைப்பற்றிய தளபதி ஆலன்பியே 1933 ஏப்ரலில் திறந்து வைத்தார். அரசியல் பகையும் சமயப் பகையும் மறக்கப்படும் இடமாக இது விளங்க வேண்டும் என்ற அவரது பேச்சின் கருத்து வாயிலில் பொறிக்கப்பட்டுள்ளது.

அந்த நோக்கம் பேச்சோடு நின்றுவிடவில்லை என்பதுதான் என்னைக் கவர்கிறது. இறைவன் ஒருவனே என்ற யூத அறிக்கை எபிரேயத்திலும், அல்லாஹ்வைத் தவிர வேறு இறைவன் இல்லை என்ற இஸ்லாமிய அறிக்கை அரபியிலும், 'நானே வழி' என்ற இயேசுவின் வாக்கு அரமேயத்திலும் அதன் முகப்பில் இடம்பெற்றுள்ளன. கோபுரத்தில் ஆறு சிறகுகளுடைய சேராபீன் என்ற வானதூதரின் உருவம் செதுக்கப்பட்டுள்ளது. உள்ளே 35 மணிகள் கொண்ட இசை மணித்தொகுதி இருக்கிறது.

சென்னையில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. என்றதும் நமக்கு மைதானம் நினைவுக்கு வருவது போல, அங்கும் வழிபாட்டுக்கு ஈடாக விளையாட்டுக்கு இடம் தரப்பட்டது. நீச்சல் குளமும் உடற்பயிற்சிக் கூடமும் கச்சேரி அரங்கும் தொடக்கத்திலேயே திட்டத்தில் இருந்தன. எல்லா மதத்தவரும் ஒன்றாகப் பழகுவதற்கு இத்தகைய இடங்களே ஏற்றவை என்பது என் கருத்து.

1946 ஜூலையில் எதிரேயுள்ள கிங் டேவிட் ஓட்டலின் ஒரு பகுதி குண்டுவைத்துத் தகர்க்கப்பட்டபோது 91 பேர் இறந்தனர். அடுத்த ஆண்டு, பாலஸ்தீனத்தின் எதிர்காலம் குறித்து ஐ.நா. சிறப்புக் குழு இந்தக் கட்டடத்தில்தான் சாட்சியங்களைக் கேட்டது. பெய்த்தார் ஜெருசலேம் கால்பந்து அணி 1991 வரை ஆடிய இதன் மைதானம் இப்போது இல்லை. கட்டடத்தின் ஒரு பகுதி விடுதியாக இயங்குகிறது. யூத, அரபுக் குழந்தைகள் சேர்ந்து படிக்கும் மழலையர் பள்ளி ஒன்றும் அங்கே நடத்தப்பட்டு வருகிறது. ஹார்ட்டின் எண்ணத்துக்கு மிக நெருக்கமானது அப்பள்ளியே என்று நான் உறுதியாக நம்புகிறேன்.