தொங்கு செர்ரி மரத்துல ஒரு கிளை மட்டும் நேரா மேல போகுது, வெட்டலாமா? செர்ரிய வெட்டினா பட்டுப்போயிடும்னு சொல்றாங்களே?

அந்தக் கிளை எங்க இருந்து கிளம்புதுன்னு மொதல்ல பாருங்க. தொங்கு செர்ரி பெரும்பாலும் ஒட்டு மரம், நேரான ஒரு தண்டோட உச்சில தொங்குற ரகத்த ஒட்டு கட்டியிருப்பாங்க, அந்த இடம் முடிச்சு மாதிரி வீங்கித் தெரியும். அதுக்கு மேல இருந்து வந்திருந்தா விட்டுடுங்க, கொஞ்சம் ஏறிட்டு அப்புறம் தானா வளையும். கீழ இருந்து வந்திருந்தா அது அடிமரத்தோட, அதாவது ஒட்டைத் தாங்குற வேற ரக மரத்தோட கிளை, யோசிக்காம அடியோட எடுங்க.

எங்க வீட்டு மரத்துலயும் இதேதான் நடந்துச்சு. இருக்கறதுலயே கொழுகொழுன்னு வளர்ந்த கிளைய நான் அறுக்கப் போனதும் பக்கத்து வீட்டுக்காரர்ல இருந்து எங்க அத்தை வரைக்கும் எல்லாரும் சண்டைக்கு வந்துட்டாங்க, நல்லா வளர்றத வெட்டிட்டு சோர்ந்து தொங்குறத வச்சிருக்கியேன்னு. ஆனா அந்தக் கிளைல மட்டும் ஒத்த இதழ் அடுக்குல வெள்ளப் பூ, மரம் முழுக்க ரோஸ் கலர்ல அடுக்குப் பூ. அத விட்டிருந்தா சத்து பூரா அதுக்கே போயி தொங்குற பாகம் நலிஞ்சுருக்கும். நான் எடுத்தேன், இன்னைக்கு மரம் தரை வரைக்கும் தொங்கிப் பூக்குது, எனக்கு அதுல ரொம்பப் பெருமை.

பட்டுப்போயிடும்ங்கற பயமும் சும்மா வந்தது இல்ல. ஜப்பான்லயே செர்ரிய வெட்டுறவன் முட்டாள்னு பழமொழி இருக்கு. வெட்டுக்காயம் வழியா வெள்ளி இலை நோய்ப் பூஞ்சையும் (இலை வெள்ளி மாதிரி வெளுத்து கிளை பட்டுப்போற நோய்) பாக்டீரியாவும் உள்ள போயிடும், ஈரமான குளிர் காலத்துலதான் அந்த ஆபத்து ஜாஸ்தி. அதனால கவாத்து பண்றதா இருந்தா பூ முடிஞ்சப்புறம், கோடைல, மழை இல்லாத நாளா பார்த்துப் பண்ணுங்க, காயம் சீக்கிரம் காயும். ஜப்பான்ல செர்ரிக்குப் பேர்போன ஹிரோசாகி பூங்கால குளிர் முடியுற சமயத்துலதானே வெட்டுறாங்கன்னு யாராவது கமெண்ட்ல வருவீங்க, தெரியும். அவங்க ஆப்பிள் தோட்டத்துக் கவாத்து முறைய செர்ரிக்கு கொண்டுவந்தவங்க, 1882-ல வச்ச மரம் அங்க இன்னும் பூக்குது, ஆனா அவங்க வெட்டின இடத்துக்கு மருந்து பூசி வருஷம் பூரா ஆள் வச்சுப் பார்க்கறாங்க, வீட்டு மரத்துக்கு அந்தக் கவனிப்பு கிடைக்காது.

வெட்டும்போது கிளை தண்டோட சேர்ற இடத்துல தடிச்ச ஒரு வளையம் இருக்கும், அதத் தொடாம அதுக்கு வெளிய வெட்டுங்க, காயம் மூடுறது அந்த வளையத்துல இருந்துதான். குச்சி நீட்டிக்கிட்டும் விடாதீங்க, அழுகும். கிளை கனமா இருந்தா மொதல்ல கொஞ்சம் தள்ளி அடிப்பக்கம் மூணுல ஒரு பங்கு அறுத்துட்டு மேல அறுங்க, இல்லன்னா பட்டை உரிஞ்சு தண்டு வரைக்கும் கிழியும்; மிச்சக் குச்சிய அப்புறம் அந்த வளையத்துக்கு வெளிய வெட்டி எடுங்க. காஞ்சது, ஒன்னோட ஒன்னு உரசுறது, இதுங்கள எடுத்தாலே வடிவம் வந்துடும். உச்சிய மட்டும் மொட்டையடிக்க விடாதீங்க, அப்புறம் குச்சி குச்சியா நேரா கிளம்பும், அந்த அழகு திரும்பவே திரும்பாது.

இன்னொன்னும் சொல்லணும். பழம் தராத மரத்துக்கு எதுக்கு இவ்ளோ பாடுன்னு வீட்டுக்கு வர்ற ஒவ்வொருத்தரும் கேக்கறாங்க. பூக்கறது போதாதா? எல்லாத்தையும் தின்னுதான் பார்க்கணுமா? ரொம்ப வருத்தமா இருக்கும்.

எடுத்த இடத்துல மறுபடி துளிர் வரும். பச்சையா இருக்கும்போதே விரலால தேய்ச்சு எடுத்துடுங்க. ஒட்டு எங்க இருக்குன்னு புரியலன்னா தண்டோட போட்டோ போடுங்க, பார்த்துச் சொல்றேன்.