4294967297 என்ற எண்ணுக்கு என்ன சிறப்பு? அது எந்த வகை எண்?

பகு எண்தான், ஆனால் பகா எண் என்று சுமார் தொண்ணூறு ஆண்டுகள் நம்பப்பட்ட பகு எண். எனக்கு மிகவும் பிடித்த எண்களில் ஒன்று.

3-இல் தொடங்குங்கள். ஒன்றைக் குறைத்து, வர்க்கமாக்கி, ஒன்றைக் கூட்டினால் 5. அதையே திரும்பச் செய்தால் 17, 257, 65537. இவை ஐந்தும் பகா எண்கள். அடுத்து வருவதுதான் நீங்கள் கேட்ட எண், அதாவது 2³² + 1. இந்த வரிசை முழுவதும் பகா எண்களே என்று 1640 வாக்கில் பிரெஞ்சுக் கணித மேதை பெர்மா நம்பினார். 1732-இல் சுவிஸ் கணித மேதை ஆய்லர் இந்த எண்ணை 641 × 6700417 என்று உடைத்துக் காட்டினார்.

இதற்குக் காரணி இருந்தால் அதை 64-ஆல் வகுக்கும்போது மீதி 1 வர வேண்டும் என்பதை ஆய்லர் பின்னாளில் நிறுவினார். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, 641... ஐந்தாவது முயற்சியிலேயே விடை கிடைத்துவிடுகிறது!

பெரிய வகுத்தலே இல்லாமலும் இதைச் சரிபார்க்கலாம். 641 என்பது 5⁴ + 2⁴. அதை 2²⁸-ஆல் பெருக்கினால் 640⁴ + 2³². இன்னொரு பக்கம், 640⁴ − 1 என்பது 640 + 1-ஆல், அதாவது 641-ஆல் மீதியின்றி வகுபடும். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழியுங்கள்: மிஞ்சுவது 2³² + 1. இரண்டுமே 641-ஆல் வகுபடுவதால் இதுவும் வகுபட்டாக வேண்டும். இதை முதன்முதலில் தாளில் எழுதிப் பார்த்த அன்று வேறு வேலையே ஓடவில்லை எனக்கு.

இரண்டு வர்க்கங்களின் கூடுதலாக இதை இரண்டு விதமாக எழுதலாம்: 65536² + 1², அப்புறம் 62264² + 20449². ஒரு பகா எண்ணை இப்படி எழுத முடிந்தால், அது ஒரே விதமாகத்தான் முடியும். ஆகவே காரணியே தெரியாவிட்டாலும் இது பகு எண் என்று இந்த ஒரு வரி சொல்லிவிடும்.

பெர்மாவின் சிறிய தேற்றத்தை (p பகா எண்ணானால், p-ஆல் வகுபடாத எந்த எண்ணையும் p − 1 அடுக்குக்கு உயர்த்தி p-ஆல் வகுத்தால் மீதி 1) வைத்து, 2-ஐ அடிமானமாக, அதாவது அடுக்குக்கு உயர்த்தும் எண்ணாகக் கொண்டு சோதித்தால் இந்த எண் பகா எண் போலவே தேறிவிடும். இப்படித் தேறும் பகு எண்ணைப் போலிப் பகா எண் என்பார்கள். 3-ஐ அடிமானமாக எடுத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். அந்தக் கணக்கை பெர்மா போட்டுப் பார்த்திருக்கலாமே என்று எனக்கு இன்றும் ஆதங்கம் உண்டு.

மற்ற வகைப்பாடுகள் எளியவை. ஒற்றை எண். நான்கே வகுத்திகள். தன்னைத் தவிர்த்த வகுத்திகளின் கூடுதல் 6701059 மட்டுமே, அது எண்ணைவிடச் சிறியது என்பதால் குறை எண்.

இதில் 2 குறைத்தால் 4294967295. அது 3 × 5 × 17 × 257 × 65537, முன்பு சொன்ன அதே ஐந்து பகா எண்களின் பெருக்கல். அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு வரைய முடியும் என்று நமக்குத் தெரிந்த, பக்க எண்ணிக்கை ஒற்றைப்படையான ஒழுங்குப் பலகோணங்களில் மிகப் பெரியதற்கு அத்தனை பக்கங்கள்.